மாணவர்களைப் பட்டறைப் பக்கம் எப்படிக் கூப்பிடுவது?

உயர்நிலைப் பள்ளியில் கணிதம் நடத்தும் ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இயந்திரத் தொழில், வெல்டிங், மின்பணி போன்ற வேலைகளுக்குத் திறமையான ஆள் கிடைப்பதில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். என் வகுப்பில் கை நன்றாக ஓடும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். பழுதான மின்விசிறியைத் தானே பிரித்து ஓட வைத்த மாணவி ஒருத்தியும் உண்டு. ஆனால் இந்தப் பேச்சை எடுத்தாலே 'எங்கள் பிள்ளைக்கு என்ன குறை?' என்று பெற்றோர் கேட்கிறார்கள். படிப்பு வராதவர்களையாவது இந்தப் பக்கம் திருப்பலாம் என்று பார்க்கிறேன். எப்படி ஊக்கப்படுத்துவது?"

உங்கள் கேள்வியில் ஒரு சொல் உறுத்துகிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். "படிப்பு வராதவர்களையாவது." நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் ஒரு மாணவன் காதில் அது "உன்னால் முடியாது, அதனால் அங்கே போ" என்றுதான் விழும். பெற்றோர் "என்ன குறை" என்று கேட்பதும் அதே சொல்லுக்கான பதில்தான். அந்த "யாவது" இருக்கும்வரை எந்த ஊக்கப் பேச்சும் எடுபடாது. அது உண்மையும் இல்லை. முப்பது வருடமாக, தொழிற்சாலைக்கு வேண்டிய கருவிகளும் அச்சுகளும் செய்யும் டூல் ரூமிலும் பயிற்சிப் பட்டறையிலும் இருக்கிறேன். கணக்கே வேண்டாம் என்று ஓடி வந்த பிள்ளை இங்கேயும் கணக்கில்தான் வந்து முட்டி நிற்கும். படிப்பு வராது என்று முத்திரை குத்தி அனுப்பப்பட்ட சிலர் இங்கே வந்து கணக்கில் கெட்டிக்காரர்களானதையும் பார்த்திருக்கிறேன். கணக்கு எதற்கு என்பது அவர்களுக்கு முதல்முறையாகப் புரிந்தது, அவ்வளவுதான்.

எனக்கே அப்படித்தான் புரிந்தது. நான் பயிற்சியில் சேர்ந்த முதல் வருடம். ஓர் எஃகுத் தண்டைக் கடைசல் இயந்திரத்தில், அதாவது லேத்தில் பிடித்து 100 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். வரைபடம் அனுமதித்தது 100.000 முதல் 99.978 வரை. அதாவது 22 மைக்ரோமீட்டர் இடைவெளி; ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோமீட்டர். தலைமுடி ஒன்றின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வெட்டு ஓடி முடிந்ததும் மைக்ரோமீட்டர் என்றே பெயருள்ள அளவுக் கருவியை வைத்துப் பார்த்தேன். 99.990. நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது. துடைத்து, எண்ணெய் பூசி, அளவு பார்க்கும் அறைக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகப் போய்த் தூங்கினேன்.

மறுநாள் காலை தண்டு சிவப்புச் சீட்டோடு திரும்பி வந்தது. 99.967. அளவுக்குக் கீழே போய்விட்டது. கூடுதலாக இருந்தால் இன்னும் கொஞ்சம் எடுத்துச் சரி செய்யலாம். எடுத்ததைத் திரும்ப ஒட்ட வைக்க முடியாது. கருவிதான் தப்பு என்று வாதாடினேன். பக்கத்து இயந்திரத்தில் இருந்த மூத்தவர் ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, நேத்து அளக்கும்போது அதைக் கையால தொட்டுப் பாத்தியா?"

தொட்டுப் பார்க்கவில்லை. வெட்டிய சூட்டில் தண்டு வெதுவெதுப்பாக இருந்திருக்கிறது. எஃகு ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் மீட்டருக்கு ஏறக்குறைய 11.5 மைக்ரோமீட்டர் விரியும். 100 மில்லிமீட்டருக்கு 1.15. அறையின் வெப்பத்தைவிட 20 டிகிரி கூடுதலாக இருந்தால் 23 மைக்ரோமீட்டர். எனக்குக் கொடுத்த மொத்த இடைவெளியே 22தான்! நான் அளந்தது தண்டையும் அதன் சூட்டையும் சேர்த்து. ராத்திரியில் தண்டு ஆறியதும் சூட்டின் பங்கு கழன்றுவிட்டது. இதனால்தான் உலகம் முழுக்க நீள அளவுகளை 20 டிகிரி செல்சியஸில் இருப்பதாக வைத்துப் பேசுகிறார்கள். 1931இல் எடைகள் அளவுகளுக்கான சர்வதேசக் குழு அந்த 20 டிகிரியை ஒப்புக்கொண்டது.

வெப்ப விரிவு பற்றிய பாடத்தில் நான் நல்ல மதிப்பெண் வாங்கியவன். சூத்திரத்தை அட்சரம் பிசகாமல் எழுதியிருந்தேன். ஆனால் அது எனக்குத் தெரிந்தது அந்தச் சிவப்புச் சீட்டைப் பார்த்த காலையில்தான்.

உங்கள் கேள்விக்கு என் பதிலும் இதில்தான் இருக்கிறது. பேசி ஊக்கப்படுத்த முயலாதீர்கள். சரி, தப்பு என்று உடனே முகத்துக்கு நேரே தெரிகிற ஒரு சின்ன வேலையைக் கையில் கொடுங்கள். "இந்தத் துறையில் பெரிய எதிர்காலம் இருக்கிறது" என்ற பேச்சைப் பிள்ளைகள் எல்லாத் துறையைப் பற்றியும் கேட்டுவிட்டார்கள். தான் செய்த இரண்டு துண்டுகள் ஒன்றோடொன்று சிக்கென்று பொருந்தும் நொடியை அவர்களில் பெரும்பாலோர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அதற்குப் பட்டறை வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு மைக்ரோமீட்டர் கருவியும் நன்றாகக் கடைந்த ஓர் எஃகு உருளையும் இரவல் கிடைத்தால் போதும். வகுப்பில் உள்ள 30 பேரும் ஒருவர் அளந்ததை மற்றவர் பார்க்காமல் அளந்து எழுதட்டும். எல்லாவற்றையும் கரும்பலகையில் வரிசையாகப் போடுங்கள். ஒரே உருளைதான், ஆனால் ஒரு டஜன் வெவ்வேறு அளவாவது வரும். ஒருவன், இறுக்கம் போதும் என்று 'டிக்' சத்தம் போட்டுச் சொல்லும் ராட்செட் என்ற திருகைத் திருகாமல், கருவியின் உடம்பைப் பிடித்து இறுக்கியிருப்பான். இன்னொருத்தி சாய்த்துப் பிடித்திருப்பாள். ஒருவன் அரை மில்லிமீட்டர் கோட்டைக் கவனிக்காமல் விட்டிருப்பான். அவனுடைய எண் மற்றவற்றிலிருந்து சரியாக 0.50 தள்ளி நிற்கும். "உண்மையான அளவு எது?" என்று மட்டும் கேட்டுவிட்டு நீங்கள் உட்கார்ந்துவிடுங்கள். சராசரி, சிதறல், கருவிப் பிழை, ஆள் பிழை என்று பாடமே அவர்கள் வாயிலிருந்து வரும். எல்லாரும் ராட்செட்டின் 'டிக்' சத்தத்தைக் கேட்டு இரண்டாம் முறை அளக்கும்போது எண்கள் நெருங்கி வருவதைப் பார்க்கவேண்டும்!

நீங்கள் கணித ஆசிரியர் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். குழாய் இணைக்கும் வட்டத் தகட்டில் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தின்மேல் சம தூரத்தில் ஆறு துளைகள் போடவேண்டும். துளையிடும் இயந்திரத்துக்குக் கோணம் சொன்னால் போதாது. மையத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர் பக்கவாட்டில், எத்தனை மேலே என்று சொல்ல வேண்டும். முதல் துளை 50, 0. அடுத்தது 60 டிகிரியில்: 50ஐ கோசைன் 60ஆல் பெருக்கினால் 25, சைன் 60ஆல் பெருக்கினால் 43.301. வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து, ஒருவர் தகட்டை மற்றவர் பார்க்காமல், ஒட்டுப்பலகையில் குறித்துத் துளையிடச் சொல்லுங்கள். 6 மில்லிமீட்டர் போல்ட், 7 மில்லிமீட்டர் துளை. கடைசியில் இரண்டு தகட்டையும் சேர்த்து வைத்து ஆறு போல்ட்டும் நுழைகிறதா என்று பார்ப்பது. ஐந்து நுழைந்து ஆறாவது நுழையாமல் நிற்கும்போது, மதிப்பெண்ணுக்காக அசையாத பிள்ளைகூட எங்கே தப்பு என்று கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கும். "சைன், கோசைன் எல்லாம் எதுக்கு?" என்ற கேள்வி அதற்குப் பிறகு வராது.

இப்போது, இன்றைய பட்டறை எப்படி இருக்கிறது என்பதற்கு வருவோம். பெற்றோர் மனதில் இருக்கும் பட்டறை கரியும் எண்ணெயும் பிசுக்குமான இடம். அப்படிப்பட்ட இடங்கள் இன்னமும் இருக்கின்றன, இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கணினி வழி இயங்கும் இயந்திரம் ஒன்றும் நேற்று வந்ததல்ல. ஓட்டை போட்ட காகித நாடாவைப் படித்து ஓடும் மில்லிங் இயந்திரத்தை, அதாவது சுழலும் வெட்டுக்கருவியால் உலோகத்தைச் செதுக்கும் இயந்திரத்தை, அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1952இலேயே செய்து காட்டிவிட்டது. இன்றைக்குச் சி.என்.சி. என்கிற, கணினி நிரலால் ஓடும் இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு வரைபடம் படிக்கத் தெரியவேண்டும், நிரல் புரியவேண்டும், அதோடு உலோகத்தின் குணமும் தெரியவேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் இயந்திரம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஓர் உதாரணம். பழைய சில கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் 50 என்று எழுதிப் புள்ளி வைக்க மறந்தால், இயந்திரம் அதை 50 மில்லிமீட்டராக எடுத்துக்கொள்ளாது. 50 மைக்ரோமீட்டராக, அதாவது 0.050 மில்லிமீட்டராக எடுத்துக்கொள்ளும். கருவி 50 மில்லிமீட்டர் விலகி நிற்கும் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்க, அது உலோகத்தை உரசும் தூரத்தில் நிற்கும். அடுத்த வரியில் வேகமாக நகரச் சொல்லியிருந்தால் கருவி போச்சு, சில நேரம் இயந்திரத்தின் தலையும் போச்சு. அதனால்தான் புது நிரலை முதல்முறை ஓட்டும்போது அனுபவசாலி ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டுவார். ஒரு கை வேகத்தைக் குறைக்கும் திருகின்மேல் இருக்கும். கண் திரைக்கும் கருவி முனைக்குமாக மாறி மாறிப் போகும். காது இயந்திரத்தின் சத்தத்தில் இருக்கும். இந்தக் காட்சியை ஒரு பிள்ளை பக்கத்தில் நின்று ஐந்து நிமிடம் பார்த்தால் போதும், இது மூளை இல்லாதவர் வேலை என்று அப்புறம் யார் சொன்னாலும் நம்பாது.

"ரோபோ வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளாதா?" என்று மாணவர்கள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். தொழிற்சாலையில் முதல் ரோபோ வேலைக்கு வந்தது 1961இல், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில். அதன் பெயர் யூனிமேட். அன்றிலிருந்து பொருளை எடுத்து வைப்பது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வெல்டிங் புள்ளி வைப்பது போன்ற வேலைகள் மனிதர் கையைவிட்டுப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. அதை மறைக்காதீர்கள். பொத்தானை அமுக்கி, பொருளை மாற்றிப் போடுவது மட்டுமே வேலை என்றால் அந்த வேலைக்கு ஆயுள் குறைவு. ஆனால் அந்த ரோபோவுக்குப் பாதை சொல்லித் தருபவர், பொருளை அசையாமல் பிடிக்கும் தாங்கியை வடிவமைப்பவர், நள்ளிரவில் சென்சார் ஒன்று பொய் சொல்லும்போது எது பொய் என்று கண்டுபிடிப்பவர், வெல்டிங்கின் தரம் பார்ப்பவர், இவர்கள் தேவை கூடிக்கொண்டுதான் போகிறது. முப்பரிமாண அச்சு வந்தபோதும் இதே பயம் இருந்தது. ஜெட் எஞ்சினில் எரிபொருள் பீய்ச்சும் முனை ஒன்றை, முன்பு சுமார் 20 துண்டுகளாகச் செய்து இணைத்ததை, இப்போது ஒரே துண்டாக அச்சிடுகிறார்கள். பெரிய சாதனைதான். ஆனால் உலோகத்தில் அச்சிட்டு எடுத்த பாகத்தை அடித்தட்டிலிருந்து அறுத்தெடுத்து, வெப்பப் பதம் செய்து, பொருந்தும் முகங்களைத் துல்லியமாகக் கடைந்து, சோதித்துப் பார்க்க ஆள் வேண்டியிருக்கிறது. அந்த வேலைகளுக்கெல்லாம் பழைய கைத்திறன்தான் அடிப்படை.

சரி, பெற்றோர். அவர்களிடம் கோபப்பட எனக்கு மனம் வருவதில்லை. அவர்கள் பயம் மூன்று: மரியாதை இருக்குமா, உடம்பு கெடுமா, பிள்ளை ஒரே இடத்தில் மாட்டிக்கொள்ளுமா. மூன்றுமே நியாயமான பயம். மூன்றுக்கும் நேரடியாகப் பதில் சொல்லவேண்டும்.

மரியாதை பற்றிப் பேச்சு வரும்போது நான் சார்லி டெய்லரைப் பற்றிச் சொல்வேன். ரைட் சகோதரர்களின் பெயர் எல்லாருக்கும் தெரியும். விமானத்துக்கு லேசான எஞ்சின் வேண்டும் என்று அவர்கள் பல நிறுவனங்களுக்கு எழுதிக் கேட்டார்கள், தோதான எஞ்சின் கிடைக்கவில்லை. அவர்களுடைய சைக்கிள் கடையில் வேலை பார்த்த இயந்திரப் பணியாளர்தான் சார்லி டெய்லர். ஒரு லேத்தும் துளையிடும் இயந்திரமும் கைக்கருவிகளும் வைத்துக்கொண்டு, காகிதத் துண்டுகளில் கிறுக்கிய படங்களைப் பார்த்து ஆறே வாரத்தில் எஞ்சினைச் செய்து கொடுத்தார். கிராங்க் தண்டுக்கு ஒரு எஃகுப் பலகையை எடுத்து, வடிவத்தைக் கோடு கீறி, கோட்டோரமாக வரிசையாகத் துளை போட்டு, மிச்சத்தை உளியால் தட்டி எடுத்துவிட்டு, லேத்தில் கடைந்தார். ஏறக்குறைய 12 குதிரைத்திறன். 1903 டிசம்பர் 17 அன்று விமானம் பறந்தது அந்த எஞ்சினால். அவருடைய பிறந்த நாளான மே 24ஐ அமெரிக்காவில் விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பர்களின் நாளாக இன்றும் வைத்திருக்கிறார்கள். இதைக் கேட்ட பிறகு ஒரு தகப்பனார் என்னிடம் "இவ்வளவு நாள் அந்த ஆளைப் பத்தி யாரும் சொல்லலையே" என்றார். ஆமாம், பாடப்புத்தகத்தில் இடம் கிடைப்பது எப்போதும் யோசனை சொன்னவருக்குத்தான். நீங்கள் வகுப்பில் சொல்லுங்கள்.

உடம்பு விஷயத்தில் மழுப்பவே கூடாது. லேத் சுற்றும்போது பக்கத்தில் கையுறை போடக்கூடாது. துணி ஒரு நூல் சிக்கினாலும் கையை இழுத்துக்கொண்டு போய்விடும். லேத்தில் பொருளைக் கவ்விப் பிடிக்கும் பகுதிக்கு 'சக்' என்று பெயர்; அதை இறுக்கிய சாவியை அதிலேயே விட்டுவிட்டு இயந்திரத்தைப் போட்டால் அது எறிகல் மாதிரி பறந்து வரும். எங்கள் பயிற்சியில் சாவி கையைவிட்டு இறங்கினால் அதன் இடத்துக்குத்தான் போகவேண்டும். ஒரு நொடி சக்கில் விட்டவரை அன்றைக்கு இயந்திரம் தொட விடமாட்டேன். சத்தம் 85 டெசிபலைத் தாண்டிய இடத்தில் நாள் முழுக்க வெறும் காதோடு நின்றால் கேட்கும் திறன் போகும், போனது திரும்பாது. வெல்டிங் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2017இல் வகைப்படுத்தியிருக்கிறது. ஆகவே புகையை முனையிலேயே உறிஞ்சும் குழாய் இருக்கிறதா, சரியான முகமூடி கொடுக்கிறார்களா என்று பார்க்காமல் எந்தப் பிள்ளையையும் அனுப்பாதீர்கள். இதையெல்லாம் சொன்னால் பயந்து ஓடிவிடுவார்களே என்று சில ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். நான் கண்டது நேர்மாறு. ஆபத்தைப் பெயர் சொல்லிப் பேசுகிறவரைப் பெற்றோர் நம்புகிறார்கள்.

மாட்டிக்கொள்ளும் பயத்துக்கு, ஏணி இருக்கிறது என்று காட்டவேண்டும். ஜெர்மனியில் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கும் இரட்டைப் பயிற்சியில், பயிலுபவர் வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்தில் வேலை பழகுகிறார், ஓரிரு நாள் தொழிற்பள்ளிக்குப் போகிறார், பெரும்பாலும் மூன்று மூன்றரை வருடம், அதுவும் உதவித்தொகையோடு. அங்கீகரிக்கப்பட்ட தொழில்கள் 300க்கும் மேல். முடித்த பிறகு அனுபவம் சேர்த்துத் தேர்வெழுதி 'மைஸ்டர்' ஆகலாம். தானே பட்டறை வைக்கலாம், பயிலுநர்களை எடுக்கலாம். சுவிட்சர்லாந்தில் கட்டாயக் கல்வி முடிக்கும் இளைஞர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்பயிற்சிக்குத்தான் போகிறார்கள். அங்கே தொழில் பழகும்போதே கூடுதலாகப் படித்து உயர்கல்விக்குப் போகும் வழியும் திறந்திருக்கிறது. என்னைக் கேட்டால் அந்த முறையின் உயிரே அந்தத் திறந்த வழியில்தான் இருக்கிறது. பதினாறு வயதில் எடுத்த முடிவு இருபத்தாறு வயதில் சங்கிலியாகாது என்று தெரிந்தால் பெற்றோருக்குப் பாதிப் பயம் போய்விடும். உங்கள் இடத்தில் அப்படி ஒரு வழி இருக்கிறதா என்று முதலில் விசாரித்துவிட்டுப் பெற்றோரிடம் பேசுங்கள்.

சம்பளத்தை வைத்து ஆசை காட்டாதீர்கள். ஆரம்பத்தில் குறைவாகத்தான் இருக்கும், திறமை கூடக்கூடப் படிப்படியாக ஏறும். நன்றாக வெல்டிங் செய்பவருக்கும், மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் குழாயை உள்பக்கம் கருகாமல் ஒட்டத் தெரிந்தவருக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்தை எட்ட வருடங்கள் ஆகும். படிக்கும்போதே கையில் கொஞ்சம் காசு, கடன் இல்லாமல் தொடங்கும் வாழ்க்கை, இதை மட்டும் தயங்காமல் சொல்லலாம்.

தொழிற்சாலைக்கு மாணவர்களைக் கூட்டிப் போவது பற்றி ஒரு வார்த்தை. 60 பேரை மஞ்சள் கோட்டுக்குள் வரிசையாக நடக்க வைத்து, இரைச்சலில் யாருக்கும் கேட்காத விளக்கம் கொடுத்து, வாசலில் குழுப்படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள். அதில் ஒரு பயனும் இல்லை. எட்டுப் பேராகப் போங்கள். ஒரே ஒரு பாகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது கம்பியாக வந்து இறங்கிய இடத்திலிருந்து அறுப்பு, கடைசல், வெப்பப் பதம், சாணை, அளவு பார்க்கும் அறை வரை அதன் பின்னாலேயே நடங்கள். ஒவ்வொரு இடத்திலும் மாணவர்கள் அதைக் கையில் வாங்கிப் பார்க்கட்டும். பேசுவதற்கு மேலாளரைக் கேட்காதீர்கள்; இரண்டாம் வருடப் பயிலுநர் ஒருவரைக் கேளுங்கள். அவருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் மூன்று வயதுதான் வித்தியாசம். முதல் மாதம் கால் எப்படி வலித்தது, எந்த வேலையைக் கெடுத்தார், இப்போது என்ன செய்ய முடிகிறது என்று அவர் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். முடிந்தால் வெல்டிங் வளைவுச் சோதனையைக் காட்டச் சொல்லுங்கள். ஒட்டிய இரண்டு தகடுகளிலிருந்து குறுக்கே ஒரு பட்டையை அறுத்தெடுத்து, அழுத்தியில் வைத்து 'ப' வடிவத்துக்கு வளைப்பார்கள். மேலே மீன் செதில் மாதிரி அழகாக இருந்த வெல்டிங், அடியில் சரியாக உருகிச் சேரவில்லை என்றால் வளையும்போது வாயைப் பிளந்துவிடும். பார்க்கச் சுமாராக இருந்த இன்னொன்று கீறல்கூட விடாமல் வளைந்து நிற்கும். அந்த இடத்தில் பிள்ளைகள் முகத்தைக் கவனியுங்கள், யாருக்கு இதில் ஈடுபாடு என்று தெரிந்துவிடும்.

வேர்ல்டுஸ்கில்ஸ் போட்டியையும் காட்டலாம். 1950இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் மட்டும் கலந்துகொண்ட போட்டியாகத் தொடங்கியது, இன்று பல டஜன் நாடுகளின் இளைஞர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெல்டிங், செங்கல் கட்டுமானம், சி.என்.சி. என்று போட்டியிடுகிறார்கள்.

இனி உங்கள் மின்விசிறி மாணவி. அவளைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருந்தாலும் எனக்கு அந்த வரிதான் மனதில் நிற்கிறது. பழுது பார்ப்பது என்றால் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு விலக்கிக்கொண்டே போவது. மின்சாரம் வருகிறதா, கண்டென்சர் போய்விட்டதா, சுருள் எரிந்துவிட்டதா, பேரிங் இறுகிவிட்டதா. அதை யாரும் சொல்லித் தராமல் ஒரு பிள்ளை செய்தது என்றால், நான் பயிலுநர் தேர்வில் தேடுவது அந்தக் குணத்தைத்தான். அவளிடம் "நல்லா பண்ணினே" என்பதோடு விட்டுவிடாதீர்கள். "முதலில் எதைச் சந்தேகப்பட்டாய்? ஏன்?" என்று கேளுங்கள். தன் கை செய்ததைத் தன் வாயால் சொல்லும்போதுதான் அது திறமை என்று அவளுக்கே தெரியும். பிரிப்பதற்கு முன் மின்சாரத்தைத் துண்டித்தாளா என்றும் கேட்டுவிடுங்கள்.

பெண் பிள்ளைகளைத் தனியாக ஒருத்தியாக அனுப்ப வேண்டாம் என்பது என் அனுபவம். இருபது பையன்களுக்கு நடுவில் ஒருத்தி என்றால் அவள் செய்யும் ஒவ்வொரு தவறும் 'பெண்களுக்கு வராது' என்பதற்குச் சாட்சியாகிவிடும். அந்தப் பாரத்திலேயே நல்ல கைகள் சில விலகிப் போனதைப் பார்த்திருக்கிறேன், அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. மூன்று பேராகச் சேர்ந்தால் நிலைமை மாறிவிடுகிறது. சேரும் இடத்தில் அவர்கள் கால் அளவுக்குப் பாதுகாப்புக் காலணி, வெல்டிங் போன்ற வேலைக்குக் கை அளவுக்குக் கையுறை, உடை மாற்றத் தனி அறை, கழிப்பறை இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். பெரிய கையுறைக்குள் சின்னக் கை நழுவினால் அது பாதுகாப்பே இல்லை.

பயிற்சி இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் புது இயந்திரத்தையும் பார்த்து மயங்காதீர்கள். பக்கத்தில் நின்று யார் சொல்லித் தருகிறார் என்று பாருங்கள். இங்கிலாந்தின் ஹென்றி மாட்ஸ்லி பன்னிரண்டு வயதில் ஆயுதத் தொழிற்சாலையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தவர். 1800 வாக்கில் திருகுமரை வெட்டும் லேத்தைத் துல்லியத்துக்குக் கொண்டுவந்தார். அவரிடம் வேலை பார்த்தவர்களில் ஒருவர் 1841இல் திருகுமரைக்கு நாடு தழுவிய அளவை முன்வைத்த ஜோசப் விட்வர்த், இன்னொருவர் நீராவிச் சம்மட்டி செய்த ஜேம்ஸ் நாஸ்மித். ஒரே பட்டறையிலிருந்து இத்தனை பேர்! ஆகவே ஓர் இயந்திரத்துக்கு எத்தனை பயிலுநர்கள், கற்றுத் தருபவருக்கு அதற்கென்று நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா, இரண்டாம் வருடத்தில் பிள்ளை தானாக என்ன வேலையை முடிக்கும், வரைபட வகுப்பும் கணக்கு வகுப்பும் உண்டா, அந்தச் சான்றிதழை வேறு நிறுவனம் மதிக்குமா என்றெல்லாம் கேளுங்கள். மூன்று வருடத்துக்கு முன் முடித்துப் போனவர்கள் இன்று எங்கே என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். இதற்கு முகம் மலர்ந்து பெயர் பெயராகச் சொன்னால் நம்பி அனுப்பலாம். பேச்சை மாற்றினால் வேறு இடம் பாருங்கள். பயிற்சி என்ற பெயரில் மூன்று வருடம் பொருளைத் தூக்கிப் போட வைக்கும் இடங்களும் இருக்கின்றன. அங்கே போன ஒரு பிள்ளையின் கசப்பு, உங்கள் பள்ளியில் பத்துப் பிள்ளைகளைத் திருப்பிவிடும்.

முதல் படியாக அந்த மாணவியையும் அவளோடு இன்னும் இரண்டு பேரையும் விடுமுறையில் ஒரு வாரம் நல்ல பட்டறை ஒன்றில் நிற்க வையுங்கள். கடைசி நாளில் அவளுடைய அப்பா அம்மாவையும் அங்கே வரச் சொல்லுங்கள்; அவள் அராவிய எஃகுத் துண்டின்மேல் மூலைமட்டத்தை வைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, எங்கே இன்னும் இடுக்கில் ஒளி கசிகிறது என்று அவளே அவர்களுக்குக் காட்டட்டும். அதற்கு முன் உருளையை 30 பேர் அளக்கும் அந்த வகுப்பை நடத்திவிடுங்கள். வந்த எண்களை எனக்கு எழுதி அனுப்புங்கள், எந்தத் தவறு யாரிடமிருந்து வந்திருக்கும் என்று சேர்ந்து பார்ப்போம்.